யாகோக் காயின் குழி

கிசுமு நகரிலிருந்து வந்த வேனை விட்டு ஒயூகி இறங்கியபோது நடுப்பகல். அண்ணன் வீட்டு முற்றத்தில் பொடிமீன் காய்ந்துகொண்டிருந்தது. கிளறிவிட ஆளில்லை. விக்டோரியா ஏரி ஓர் அலைகூட எழுப்பாமல் கிடந்தது. மணல்திட்டில் மூன்று முதலைகள் வாயைத் திறந்தபடி வெயில் காய்ந்தன.

நான்கு நாட்களுக்கு முன், வலையை அலசக் குனிந்த அண்ணன் ஒபுராவை முதலை இழுத்துப் போயிருந்தது. உடல் கிடைக்கவில்லை. அப்படிப் போனவனுக்குப் பதிலாக, யாகோ மரத்தின் நீண்டு பருத்த காயொன்றைத் துணியில் சுற்றிப் புதைப்பது அவர்கள் வழக்கம். ஒயூகி வரும் வழியிலேயே ஒன்றைப் பறித்து வந்திருந்தான்.

"இன்னிக்கே முடிச்சிடலாம் அண்ணி. நாளைக்குப் போகலைன்னா பேக்கரி முதலாளி சீட்டைக் கிழிச்சிடுவான்."

அண்ணன் மனைவி அகேயோ உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

"ஏழு நாள் போகட்டும் தம்பி. முதலை சேத்துல சொருகி வெச்சு மெதுவாத்தான் திங்கும். ஏதாவது ஒண்ணு கரைக்கு வரும்."

"வரலைன்னா?"

"அப்பப் புதைக்கலாம். அவசரப்பட்டுப் புதைச்சா ஏரி அவரத் தானே வெச்சுக்கும். நமக்குத் திருப்பித் தர்ற உடம்புக்கு இந்த வீட்டுல வேற ஆளப் பாக்கும்."

ஒயூகி சிரித்துவிட்டான்.

பக்கத்து வீட்டு மீனவன் ஒமோலோ குழி வெட்டினான். "கிசுமுக்காரரு ஷூவைக் கழட்டாமயே மண்ணு தள்ளுவாரு போல," என்றான். இறக்கும்போது காய் ஓர் ஆள் கனம் கனத்தது. பயணக் களைப்பு என்று ஒயூகி நினைத்துக்கொண்டான்.

கடைசி மண் விழுந்தது.

கோரைப் புதரில் கத்திக்கொண்டிருந்த பறவைகள் ஒரே நேரத்தில் அடங்கின.

முதலைகள் வாயை மூடின. ஒவ்வொன்றாக நீருக்குள் இறங்கின. நீர் சத்தமிடவில்லை.

காற்று ஏரியை நோக்கித்தான் வீசியது. ஆனாலும் அழுகிய சேற்றின் வாடை மேடேறி வீட்டுக்குள் வந்தது.

பொழுது சாயும் முன் ஒமோலோ கரையிலிருந்து ஓடி வந்தான். கையில் சுருட்டிய வலை.

"கிடைச்சிருச்சு அக்கா."

வலைக்குள் முழங்கை வரைக்கும் ஓர் இடது கை. பல நாள் ஊறி வெளுத்திருந்தது. அகேயோ தண்ணீர் கொண்டுவந்து அதை மெல்லக் கழுவினாள். உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள்.

"இது அவரு கை இல்ல."

"தண்ணில கிடந்தது அண்ணி. எப்படித் தெரியும்?"

"கயிறு இழுத்து இழுத்து அவரு உள்ளங்கை மரக்கட்டையா இருக்கும். இது மெத்துனு இருக்கு."

"வேற யாரையும் இந்தப் பக்கம் அது இழுக்கலயே," ஒமோலோ கிசுகிசுத்தான்.

அவள் கையைத் திருப்பினாள். மணிக்கட்டில் பிறை வடிவில் ஒரு சூட்டுத் தழும்பு.

ஒயூகி குனிந்து பார்த்தான்.

போன மாதம் பேக்கரி அடுப்பில் அவன் தன் இடது மணிக்கட்டைச் சுட்டுக்கொண்ட தழும்பு அது. வளைவுகூட மாறவில்லை.

இடது கையை அவசரமாகக் கால்சட்டைப் பைக்குள் நுழைத்தான்.

"கடைசி வேன் எப்போ?"

ஒமோலோ இரண்டடி தள்ளி நின்றான். அகேயோ அந்தக் கையின் மேல் துணியைப் போர்த்திவிட்டு ஒப்பாரியைத் தொடங்கினாள். ஒபுராவின் பெயரைச் சொல்லி அல்ல.

பைக்குள் அவன் விரல்கள் சில்லென்று நனையத் தொடங்கின.