விடுவிக்கப்பட்ட மூச்சு

மைக்கின் கம்பியைக் காலையிலேயே பிடுங்கிவிட்டார் லஸ்ஹர். ஆனாலும் நான்கு வினாடிக்கு ஒருமுறை கணினியின் காலி நினைவகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே இருந்தது.

துனிஸின் மதிய வெயில் சன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் கிடத்தியிருக்க, அடுக்களையில் மனைவி மனூபியா குஸ்குஸுக்கு வேகவைத்த ஆட்டிறைச்சியின் மணம் விசிறிக் காற்றோடு வந்து வந்து போனது. அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. மகன் வஜ்தியை அடக்கம் செய்ததிலிருந்து ஏழு மாதமாகவே எதுவும் உறைப்பதில்லை.

கணினியை உள்ளிருந்து இயக்கும் மைய நிரலான கர்னலில், ஒலிக்கான பகுதியை எழுதியவன் வஜ்தி. எடுத்த நினைவகத்தை அது ஓரிடத்தில் திருப்பித் தரவில்லை. திருத்தம் அனுப்பும்போது, பிழை யார் எழுத்தில் வந்தது என்று பெயர் குறிப்பது கர்னல் எழுதுவோர் வழக்கம். உலகமே படிக்கும்.

தம்பி மகன் அனீஸ் போனில் இருந்தான்; அவனும் கர்னலுக்கு எழுதுகிறவன்.

"வஜ்தி பேரைப் போட்டுடுங்க, பெரியப்பா. என் பேரு அதுல வராத வாரமே கிடையாது."

"உன் பேரு வரட்டும். என் பிள்ளை பேரு வராது."

"சரி, அந்த நினைவகத்தை இன்னும் யாரு பிடிச்சிருக்காங்கன்னாவது பாத்தீங்களா?"

"யாருமில்ல."

"பாக்காம விடுவிச்சுடாதீங்க."

போனை வைத்துவிட்டார்.

நினைவகத்தில் திரும்பாமல் தேங்கிய துண்டுகளை ஒட்டி, ஒலியாக்கிக் கேட்டார். விசிறி. சற்றுமுன் மனூபியா கைதவறவிட்ட மூடியின் சத்தம். இவற்றுக்கு மிக அருகில், மார்பில் சீழ்க்கையடிக்கும் மூச்சு. இருபத்தாறு வருடம் சுவருக்கு அப்பால் கேட்ட வஜ்தியின் இழுப்பு. கடைசி இரவும் கேட்டது.

இது வெளியே தெரியக்கூடாது. அது மட்டும்தான் தோன்றியது.

நினைவகத்தை விடுவிக்கும் ஒரு வரியை நிரலில் சேர்த்தார். கணினியை மறுபடி துவக்கினார். திருத்தத்தோடு போகும் கடிதத்தில், பிழைக்குரியவர் பெயரைக் காலியாக விட்டார். கீழே சான்றாகத் தன் பெயர்.

நான்கு வினாடி. குறையவில்லை.

எட்டு. குறையவில்லை.

விடுவித்த நினைவகத்தைக் கர்னல் வேறு வேலைக்குக் கொடுத்துவிடும். பிடித்திருந்தவன் கையை எடுக்காவிட்டால், அங்கேயே எழுதிக்கொண்டிருப்பான். நாற்பது வருடமாக அவருக்குத் தெரிந்த விஷயம்.

கடிதத்தின் காலி இடத்தில் ஓர் எழுத்து வந்தது.

கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்தார்.

இன்னொன்று. வஜ்தி. அடுத்த வரியிலும் வஜ்தி. அவர் பெயரின்மேல் வஜ்தி.

அடுக்களையில் கரண்டி நின்றது. "ஏங்க, பிள்ளைக்கு இழுக்குதே, கேக்கலையா?"

ஒலிபெருக்கியை அணைத்தார்.

அவர் காதருகே ஒரு மூச்சு உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. வெளியே வரவில்லை.