மேஜைமேல் இரண்டு கைகள்

போன் அலறியது.

கொரின் எடுத்தாள். அவளுடைய முதலாளி டுவைட் ஹேவர்ட்டி. குரலில் தேன் வழிந்தது.

"கிழவன் மசிஞ்சிட்டான். மீட்டிங் ரூமுக்கு வா."

கிழவன் என்றால் எல்மர் கொஸ்டெல்னிக். பிட்ஸ்பர்க்கில் ஆற்றை ஒட்டி வால்வு தொழிற்சாலை வைத்திருப்பவர். உயிரே போனாலும் விற்க மாட்டேன் என்று ஒரு வருடமாக முரண்டு பிடித்தவர். இன்று காலை திடீரென்று சம்மதமாம். வீடியோ அழைப்பிலேயே கையெழுத்தாம்!

கொரினின் வேலை விசித்திரமானது. பேரம் நடக்கும்போது ஓரமாக உட்கார்ந்து, எதிராளியின் முகம், தோள், கை எல்லாவற்றையும் படித்து முதலாளியின் காதில் ஓத வேண்டும். தயங்குகிறாரா... ஏய்க்கிறாரா... இன்னும் இறங்கி வருவாரா... அவள் கணிப்பு தப்பாது என்று பெயர்.

திரையில் எல்மர் தன் ஆபீஸில் தனியாக உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கைகளும் மேஜைமேல் பதிந்திருந்தன.

"கை ஆடாம இருக்கு. தீர்மானம் பண்ணிட்டார்," கொரின் முணுமுணுத்தாள். "இறுக்கிப் பிடிங்க."

டுவைட் இறுக்கினார். எல்மர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். விலைக்குச் சரி. நிலத்தையும் சேர்த்துக் கொடுக்கச் சரி.

கொரினுக்கு என்னவோ உறுத்தியது.

கையை ஆட்டாமல் எல்மருக்குப் பேசவே வராதே... போன மாதம் இதே திரையில் கையை வீசிப் பேசி, காபிக் கோப்பையைக் கவிழ்த்தவர். இன்று மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தும் கை எழவில்லை!

ஒவ்வொரு பதிலுக்கு முன்னாலும் அவர் கண்கள் கேமராவுக்கு மேலே போய்த் திரும்பின. வாய் சரி என்றது. தலை, இல்லை என்று லேசாக ஆடியது.

தீர்மானம் என்று அவள் படித்தது... பயம்! மேஜையிலிருந்து கையை எடுக்காதே என்று யாரோ மிரட்டியிருக்கிறார்கள். அந்த மனுஷரைப் போய் இறுக்கச் சொல்லிவிட்டாளே என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது.

மைக்கை அணைத்தாள்.

"டுவைட்... அங்கே இன்னொரு ஆள் நிக்கறான். துப்பாக்கி வெச்சிருக்கணும்."

டுவைட் அவளையே பார்த்தார்.

"நிச்சயமா?"

"நிச்சயம். போலீஸைக் கூப்பிடறேன்."

"வேணாம். சைரன் சத்தம் கேட்டா சுட்டுடுவான். கையெழுத்தைப் போடட்டும்... வந்தவன் போயிடுவான். அப்புறம் புகார் கொடுப்போம்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கொரின் தலையாட்டிவிட்டு மைக்கைத் திறந்தாள்.

"மிஸ்டர் கொஸ்டெல்னிக், நிலமும் சேர்ந்து வர்றதால நோட்டரி முன்னாடிதான் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா செல்லாது. கீழ்மாடிக்குப் போய்க் கூட்டிட்டு வர்றேன். கொஞ்சம் பொறுங்க."

செல்லாது என்றதும் டுவைட், சீக்கிரம் போ என்று கையசைத்தார்.

போனவள் தனியாகத் திரும்பினாள். நோட்டரி பின்னாலேயே வருவதாகச் சொன்னாள். எல்மரின் நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை எழவில்லை. கொரின் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

படார்!

திரையில் கதவு தெறித்தது. எல்மர் மேஜைக்கடியில் பாய்ந்தார். கூச்சல்... உருளல்... ஏதோ இரும்பு தரையில் விழுந்த சத்தம். பிறகு ஒரு போலீஸ்காரரின் முகம் கேமராவில் எட்டிப் பார்த்து, பெரியவருக்கு ஒரு கீறல்கூட இல்லை என்றது.

கொரினுக்கு அழுகை வந்துவிட்டது.

டுவைட் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "பாவம் எல்மர்... எவன் செஞ்ச வேலை இது?"

மீட்டிங் ரூம் கதவு திறந்தது. நோட்டரி இல்லை. இரண்டு போலீஸ்காரர்கள்!

"உங்க வேலைதான்னு மாட்டினவன் சொல்றான், மிஸ்டர் ஹேவர்ட்டி," என்றார் மூத்தவர். "இப்பதான் வயர்லெஸ்ல சொன்னாங்க."

"இப்பதான் சொன்னாங்கன்னா... நீங்க அதுக்குள்ள எப்படி இங்கே?"

"நோட்டரியைக் கூப்பிடப் போறேன்னு போனப்ப, போலீஸுக்குப் போன் பண்ணி ரெண்டு விலாசம் கொடுத்தேன்," என்றாள் கொரின். "அங்கே ஒரு ஆள் நிக்கறான்னு சொன்னா, யாரா இருந்தாலும் திரையைப் பார்ப்பாங்க. நீங்க என்னைப் பார்த்தீங்க. அங்கே ஆள் நிக்கறது உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

டுவைட்டின் முகம் வெளுத்தது. கைகளில் விலங்கு பூட்டப்பட்டது.

"வக்கீல் வர்றவரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்."

"திறக்காதீங்க, டுவைட்," என்றாள் கொரின். "பேசாம இருக்கும்போதுதான் நீங்க வாக்குமூலமே நல்லாத் தர்றீங்க!"