நெரிசலே இல்லாத மேம்பாலம்

இதில் ஒரு வரி பொய்யாக இருந்தாலும் எனக்கு மிஞ்சியிருக்கும் நாலு பல்லும் இன்றைக்கே கொட்டிப் போகட்டும். அத்தனையும் நடந்தது, நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் காணாமல் போனது ஒரு வெள்ளைக் கார். போனது கணினித் திரையில்தான் என்பதால் யாரும் பதறவில்லை. நெடுஞ்சாலைகள் முட்டிக்கொள்ளும் பழைய சந்திப்பை இடித்துவிட்டு, விபத்தும் நெரிசலும் இல்லாத மேம்பாலமாக வரைந்திருந்தார் பெரிய பொறியாளர். திரையில் ஓட்டிப் பார்த்தபோது எறும்பளவு கார்கள் சாரைசாரையாக ஏறின, வளைந்தன, இறங்கின. வெள்ளைக் கார் மட்டும் வளைவு முடிகிற இடத்தில் நின்றது. பிறகு இல்லை.

"சார், அந்த வண்டி எங்க போச்சு?" என்றாள் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் பொறியாளர்.

"நான்தான் தூக்கினேன். பக்கத்துப் பாதைக்கு மாற முடியாம ஒரு நிமிஷம் நின்னா, அழிச்சிடுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"அப்ப மாறுறதுக்கு இடம் பத்தலைன்னுதானே அர்த்தம்? இன்னும் கொஞ்சம் நீளமா..."

"கம்ப்யூட்டர் காருக்கு ஒப்பாரி வைக்காதம்மா. ஓட்டத் தெரியாத ஜென்மங்க. இருந்தா என்ன, போனா என்ன?"

வண்டி ஓட்டுகிறவர்கள் என்றாலே அவருக்கு அப்படியொரு இளக்காரம். அவர் போட்ட சாலையில் குறையே கிடையாது. அதில் ஏறுகிற மந்தைதான் குறை.

மேம்பாலம் எழுந்தது. திறந்த நாளிலிருந்து நெரிசல் என்ற பேச்சே இல்லை. மந்திரி தொலைபேசியில் மெச்சினார். ஊரில் சில வீடுகளில் சாப்பாட்டு மேஜையருகே ஒரு நாற்காலி காலியானது. அதையும் மேம்பாலத்தையும் முடிச்சுப் போட யாருக்கு நேரம்?

ஒரு மழைச் சாயங்காலம், ஈரத் தாரும் டீசல் புகையும் கலந்த வாடை கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே கசிய, துடைப்பான்கள் முனகிக்கொண்டே தண்ணீரை இப்படியும் அப்படியும் தள்ள, பொறியாளர் தன் வளைவின் முடிவில் முதன்முறையாகத் தானே மாட்டிக்கொண்டு நின்றார். முன்னால் ஒரு லாரி, ஒரு வேன், பிறகு மனைவியின் கார். இருவரும் மகள் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பாதையில் வண்டிகள் இடைவெளியே விடாமல் சீறிக்கொண்டிருந்தன.

"மந்தைங்க," என்று முணுமுணுத்தார்.

லாரியின் இரைச்சல் நின்றது. அணைத்தது போல் இல்லை, கத்தரித்தது போல. நிமிர்ந்து பார்த்தார். லாரி இல்லை. நனைந்த சாலையில் லாரி அளவுக்கு ஒரு காய்ந்த கட்டம். அதில் மழைப்புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

வேன் அந்த இடத்துக்கு நகர்ந்தது. முகப்பு விளக்கைச் சிமிட்டி வழி கேட்டது. யாரும் விடவில்லை.

வேனும் இல்லை.

அவர் கைபேசியை வெடுக்கென்று எடுத்து மனைவியை அழைத்தார்.

"பூந்துடு! பக்கத்துப் பாதையில பூந்துடு!"

"எதுக்கு இப்படிக் கத்துறீங்க? இண்டிகேட்டர் போட்டிருக்கேன்ல. யாராவது விடுவாங்க."

"ஒருத்தனும் விட மாட்டான்! இடிச்சாலும் பரவால்ல, போ!"

"நல்லாருக்கே! நீங்க கட்டின பாலத்துல நானே இடிக்கவா?"

கதவைத் திறந்து ஓடினார். செருப்பு வழுக்கியது. அவளுடைய சிவப்பு விளக்கு. கை நீட்டினால் தொட்டுவிடலாம்.

நீட்டினார்.

மழை மட்டும்.

தடுமாறி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு காய்ந்த கட்டம். இன்னும் சூடாக இருந்தது.

கைபேசியில் அவள் குரல் அறுந்துபோகவில்லை.

"ஏங்க... விட்டுட்டாங்க போலிருக்கு. ரோடே காலி. மழையுமில்ல. அங்கங்க வண்டிங்க நிக்குது, நிறைய. எல்லாரும் இறங்கி நிக்கிறாங்க. உங்கள விசாரிக்கிறாங்க."

அவர் கைபேசியைக் காதோடு அழுத்தினார்.

"அடுத்தது நீங்கதானாம். எல்லாரும் சிரிக்கிறாங்க. வாய் மட்டும்..."

பின்னால் அவருடைய கார், ஓட்டுநர் இல்லாமல், மெல்ல நகர்ந்து வந்து அவர் முதுகைத் தொட்டு நின்றது.

அந்த மேம்பாலத்தைக் கட்ட இன்றுவரை டெண்டரே விடவில்லை; அது இன்னும் கணினித் திரையில்தான் இருக்கிறது.