பட்டத்துக்கு முன்னால் கல்யாணம்

"கும்பிடுறேன், பாதிரியாரம்மா!"

மழைக்கு ஒதுங்க ஓடிவந்தவன் சொன்னதோடு விடவில்லை. குனிந்து ஸ்மராண்டாவின் கையில் முத்தமும் வைத்துவிட்டான். கை முழுக்க மாவு! தலையில் முக்காடு, தட்டில் பூசை அப்பம்... கல்லூரிப் பாதிரியாரின் மனைவி என்றே முடிவு கட்டிவிட்டான் போல.

"யாருய்யா பாதிரியாரம்மா? எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை!"

அவன் நிமிர்ந்தான். மூக்கு நுனியில் மாவு. நனைந்த இமைகளுக்குக் கீழே சாம்பல் நிறக் கண்கள்... அசடு வழிந்த அந்தக் கண்களைப் பார்த்ததும் அவள் கோபம் பாதியிலேயே நின்றுபோனது. சே, என்ன இது, முப்பத்தோரு வயதில்!

"மன்னிச்சுக்கோங்க... பேரு தூடோர். டிராம் ஓட்டுறேன். குருத்துவப் படிப்புக்கு இந்தக் காலேஜ் எப்படின்னு பார்க்க வந்தேன்."

"பையனைச் சேர்க்கவா?"

"பையனா! நான்தாங்க சேரப்போறேன். முப்பத்தஞ்சு வயசு. சிரிக்கணும்னா சிரிச்சுக்கோங்க."

சிரிக்கத்தான் நினைத்தாள். ஏனோ சிரிப்பு வரவில்லை.

யாஷ் நகரத்தில் இருக்கும் இந்தக் கல்லூரியா, மலையில் மடத்தை ஒட்டிய கல்லூரியா? அதுதான் அவனுக்குக் குழப்பம். அந்தச் சாக்கில் சனிக்கிழமை தவறாமல் வந்தான். பாடகர் குழுவைக் கேட்டான், வகுப்பில் உட்கார்ந்து பார்த்தான், கடைசியில் ஸ்மராண்டா வேலை பார்க்கும் அப்பக்கூடத்து வாசலில் வந்து நின்றான்.

"இங்க பாட்டு நல்லா இருக்கும், சூப்பை வாயில வைக்க முடியாது. அங்க சூப் பிரமாதம், ஆனா கிரேக்கம் சொல்லிக்கொடுத்தே கொன்னுடுவாங்க," என்றாள் ஸ்மராண்டா.

"அப்பம்?"

"அது இங்க மட்டும்தான்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பேச்சை மாற்ற, "நல்ல வேலையை விட்டுட்டு ஏன் இந்தப் படிப்பு?" என்று கேட்டாள்.

"முன்சீட்டுல உட்கார்றவங்க மனசுல இருக்கிறதையெல்லாம் என்கிட்ட கொட்டுவாங்க. பாதி கேட்கிறதுக்குள்ள ஸ்டாப் வந்துடும், இறங்கிப் போயிடுவாங்க. ஒருத்தர் சொல்றதை முழுசாக் கேட்கணும்... ரொம்ப நாள் ஆசைங்க அது."

அவளோடு அப்பம் சுடும் பரஸ்கிவா அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நம்ம சபையில குருப்பட்டத்துக்கு முன்னாடியே கல்யாணம் ஆகிடணும் தம்பி. பட்டம் வாங்கிட்டா அப்புறம் கல்யாணமே கிடையாது. பொண்ணு பார்த்தாச்சா?"

தூடோரின் பார்வை ஸ்மராண்டாவிடம் வந்தது. அவ்வளவுதான், அவள் முகம் சுருங்கிவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன் இங்கே குருத்துவம் படித்த ஒருவன் இப்படித்தான் வந்து கேட்டான். யோசிக்க அவகாசம் கொடு என்றாள். பட்டத்துக்கு நாள் நெருங்குகிறதே என்று, அந்த மாதமே பாடகர் குழுவில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான்!

"அவசரத்துக்கு அங்கி தைக்கிற மாதிரி பொண்ணும் தேடுறீங்களா எல்லாரும்? என்னை விட்டுடுங்க. மலைக்கே போய்ப் படிங்க!"

தூடோர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. வாசலையே பார்த்துப் பார்த்து அவள் அப்பங்களைக் கருகவிட்டாள். "வாய் இருக்கே உனக்கு... ஊரைத் துரத்த அது போதும்டி," என்று அக்கா கரித்துக் கொட்டினாள்.

லிண்டன் மரங்கள் பூத்த நாளில் அவன் வந்து நின்றான்.

"காலேஜ் முடிவாயிடுச்சு. இங்கேயே சேர்றேன்."

"சந்தோஷம்," என்றாள், மாவைப் பார்த்துக்கொண்டே.

"குருத்துவத்துக்கு இல்ல. ஸ்கூல்ல வேதப்பாடம் எடுக்கிற வாத்தியார் படிப்புக்கு. அதுக்குக் கல்யாணக் கட்டாயம் எதுவும் இல்ல." அவன் ஓரடி முன்னால் வந்தான். "பட்டத்துக்காக எனக்கு இனி யாரும் தேவையில்ல ஸ்மராண்டா. ஆனா நீங்க வேணும். எத்தனை வருஷம் யோசிச்சுச் சொன்னாலும் சரி."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் ஆசை என்னவென்று அவளுக்குத் தெரியாதா? அதையே இவளுக்காக விட்டுவிட்டு வந்து நிற்கிறானே, பைத்தியக்காரன்!

"போய் மாத்திட்டு வாங்க."

"எதை?"

"படிப்பைத்தான். குருத்துவத்துக்கே சேருங்க."

"அப்ப... கல்யாணம்?"

"நான் யோசிக்க இனி ஒண்ணும் இல்ல. நீங்க வராத முதல் சனிக்கிழமையே தெரிஞ்சுபோச்சு..." அவள் மாவிலிருந்து நிமிர்ந்து அவன் கண்களை நேராகப் பார்த்தாள். "நீங்க டிராம் ஓட்டினாலும் சரி, பூசை வச்சாலும் சரி, நீங்க இல்லாம என்னால முடியாது."