டனவே பெயருக்கு நேரே பச்சை விளக்கு

"தொடாதே ராய்ஸ்! இன்னும் காயல!"

ஆர்லீன் கணவனின் கையைத் தட்டிவிட்டாள்.

சமையலறை மேஜையில் ஒரு சாவிக்கொத்து. அதில் ஒரு சின்னப் பித்தளைச் சாவியின் தலையில் மட்டும் அப்போதுதான் பூசிய சிவப்பு நகப்பூச்சு பளபளத்தது.

"எங்க தாத்தா காலத்துச் சாவி அது. அதுக்குப் போய் மேக்கப் போடறியே!"

"சபையில ஓட்டுப் போடற நேரத்துல கொத்தைத் தடவித் தடவித் தேடறேன்னு புலம்பினது யாரு? இனிமே பார்த்தவுடனே தெரியும். ஒரு நிமிஷத்துல காஞ்சிடும்னு குப்பியிலயே போட்டிருக்கு."

"குப்பியில போட்டிருக்கறதையும் எலெக்‌ஷன்ல சொல்றதையும் நம்பறதுக்கு இந்தக் கவுண்டியில நீ ஒருத்திதான் மிச்சம்!"

ராய்ஸ் டனவே சாஸேஜ் குழம்பில் தோய்த்த கடைசி ரொட்டித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தான். மாநில சட்டசபை உறுப்பினன். அவனுக்கு முன்னால் அதே நாற்காலியில் அவன் அப்பா. அவருக்கு முன்னால் தாத்தா.

மூன்று தலைமுறையும் ஒரே கொள்கை... எது புதிதாக வந்தாலும் வேண்டாம்!

ஞாயிற்றுக்கிழமை மதுக்கடையா? வேண்டாம். சூதாட்ட விடுதியா? வேண்டாம். புது வரியா? வேண்டவே வேண்டாம். சபையில் அவர்கள் மேஜையில் 'வேண்டாம்' என்னும் சிவப்புப் பொத்தான் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது. 'வேண்டும்' என்னும் பச்சைப் பொத்தான் கடையில் வாங்கியது போலப் புதுசு.

"இன்னிக்கு அணை மசோதா. ஞாபகம் இருக்கில்ல?"

"அப்பாவும் தாத்தாவும் படுத்திருக்கற மண்ணு ஆர்லீன். அதை ஏரிக்கு அடியில விட்டுடுவேனா?"

பூச்சு படாமல் வளையத்தைப் பிடித்துக் கொத்தைத் தூக்கினான். லாரிச் சாவியை மட்டும் விரலால் பிரித்துக்கொண்டான்.

"சாயங்காலம் மழைன்னு ரேடியோல சொன்னாங்க. தரைப்பாலம் முங்கிட்டா அங்கேயே தங்கிடு."

"சரிங்க, சபாநாயகர் அவர்களே!"

சிரித்துக்கொண்டே போனான்.

அதுதான் கடைசி.

*

ட்ரிங்... ட்ரிங்...

மறுநாள் விடிந்ததும் போன் அலறியது.

"மிசஸ் டனவே... ஷெரிஃப் ஓக்ஸ் பேசறேன். முதல்ல உட்கார்ந்துக்கங்க."

அவள் உட்காரவில்லை.

"ராய்ஸ் எங்கே?"

"ராத்திரி வெள்ளத்துல... உங்க வீட்டுக்குக் கீழே இருக்கற தரைப்பாலத்துக்கு அந்தப்பக்கம் லாரி கவிழ்ந்து கிடக்கு. அவர் உள்ளே..."

சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மாலையில் ஷெரிஃப் அவனுடைய பொருட்களைக் கொண்டுவந்து கொடுத்தார். பர்ஸ். கைக்கடிகாரம். வளையம் பிளந்த சாவிக்கொத்து.

சிவப்புச் சாவியைக் காணோம்!

"வெள்ளம் பிடுங்கியிருக்கும்மா" என்றார் ஷெரிஃப். "மத்தியானம் சபையில ஓட்டுப் போட்டுட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கார். மழையில தரைப்பாலத்துல இறங்கிட்டார்."

"அணை மசோதா என்ன ஆச்சு?"

ஷெரிஃப் தொப்பியைக் கையில் சுற்றினார்.

"ஒரே ஒரு ஓட்டுல தேறிடுச்சு. இறுதி ஓட்டு ஒண்ணுதான் பாக்கி."

"ஒரு ஓட்டுலயா?"

"சபையில ஓட்டு காட்டற பலகையில உங்க வீட்டுக்காரர் பேருக்கு நேரே... பச்சை."

*

அவனை அப்பாவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். ஏரி வரப்போகும் இடத்தில்.

பிக்கெட் அவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். பக்கத்துத் தொகுதி உறுப்பினர். சபையில் ராய்ஸுக்கு அடுத்த நாற்காலி. ஒரே சர்ச். வைக்கோல் இயந்திரம் கிழித்த தழும்பு ஒன்று அவருடைய வலது கட்டைவிரலில் குறுக்கே ஓடியது.

"சிஸ்டர்... என் கண் முன்னாடிதான் சாவியைத் திருப்பினான். பச்சையை அமுக்கினான். சாவியைப் பைக்குள்ள போட்டுட்டு, 'ஆர்லீன்கிட்ட நானே சொல்லிக்கறேன்'னு கிளம்பிட்டான்."

"ஏன் பிக்கெட்? ஏன் மாத்திப் போட்டான்?"

"மனுஷன் மனசுதானே..."

துக்க வீட்டுக்கு முதல் நாள் வாசல் நிறைய உணவுத் தட்டுகள் வந்தன. கோழி, மக்ரோனி, பீகன் பருப்பு கேக். பச்சை விளக்குச் செய்தி ஊருக்குள் பரவியதும் தட்டுகள் நின்றுபோயின.

சர்ச்சில் அவளுடைய பெஞ்சில் யாரும் உட்காரவில்லை.

"எவ்வளவுக்கு வித்தானாம்?" என்று ஒரு பெண் குரல் பின்னாலிருந்து கேட்டது. சத்தமாகவே!

சாயங்காலமானால் தரைப்பாலத்தில் டயர் உருளும் சத்தம் கேட்கும். ஓடிப்போய்ப் பார்ப்பாள். வெறும் தண்ணீர்.

கல்லறைக்குப் போய் நிற்பாள்.

"செத்ததைக்கூடப் பொறுத்துக்கறேன் ராய்ஸ். அந்தப் பச்சையை மட்டும் என்னால தாங்க முடியல. நீதான் அமுக்கினியா? சொல்லு!"

மண் பேசவில்லை.

கட்சிக்காரர்கள்தான் வந்து பேசினார்கள்.

"ராய்ஸோட மிச்சப் பதவிக்காலத்துக்கு உங்களையே ஆளுநர் நியமிக்கறேங்கறார். டனவே நாற்காலியில டனவே இருக்கணும். பலகையில பேரை மாத்தற செலவும் மிச்சம்!"

"அணைக்கு இறுதி ஓட்டு எப்போ?"

"நீங்க பதவி ஏத்துக்கற அன்னிக்கே."

"வரேன்."

*

ஷெரிஃப் ஓக்ஸ்தான் காரில் அழைத்துப் போனார். அவர் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

உறுதிமொழி எடுத்துவிட்டு, டனவே மேஜையைப் பார்த்தாள். தேய்ந்த சிவப்புப் பொத்தான். புதுசாகப் பச்சை. நடுவில் சாவித்துளை. சாவியைத் திருப்பாமல் எந்தப் பொத்தானும் வேலை செய்யாது.

சுற்றிலும் பாதி நாற்காலிகள் காலி. ஆனால் காலி மேஜைகளிலும் சாவி தொங்கியது! காபி குடிக்கப் போகிறவர்கள் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் அமுக்கிவிடுவார். விதி கூடாது என்கிறது. வழக்கம் கூடும் என்கிறது. எட்டாத பொத்தானை எட்டுவதற்கென்றே ஒருவர் முதுகு சொறியும் குச்சி வைத்திருந்தார்!

டனவேக்கள் மட்டும் சாவியை விட்டுவிட்டுப் போனதே இல்லை.

"எனக்குச் சாவி?" என்று சபைக் காவலரிடம் கேட்டாள்.

"மாத்துச் சாவி ஆபீஸ்ல இருக்கான்னு பார்க்கணும்மா. வாங்க."

பின்வாசல் வரை போயிருப்பாள். மணி அடித்தது.

"இறுதி வாக்கெடுப்பு!" என்றார் சபாநாயகர்.

திரும்பினாள். சுவரை அடைத்த பெரிய பலகை. பெயர் பெயராக விளக்குகள் பூத்தன. சிவப்பு. பச்சை. சிவப்பு.

டனவே.

பச்சை!

நாற்காலி காலி. சாவி கிடையாது. செத்தவன் மறுபடியும் ஓட்டுப் போடுகிறான்!

"ராய்ஸ்...?" என்றது அவள் வாய், தானாக.

அப்புறம்தான் மேஜையைப் பார்த்தாள். பிக்கெட்டின் கை பூட்டின் மேல் இருந்தது.

ஓடினாள்.

பிக்கெட் நிமிர்ந்து இனிமையாகச் சிரித்தார்.

"பதறாதீங்க சிஸ்டர். பக்கத்து சீட்டுக்கு ஒத்தாசை. இங்கே வழக்கம்."

தேய்ந்த பொத்தானைக் கட்டைவிரலால் ஓங்கி அமுக்கினாள்.

டனவே... சிவப்பு!

"வாக்கெடுப்பு முடிந்தது!" சுத்தியல் விழுந்தது. "மசோதா ஒரு ஓட்டில் தோற்றது."

பிக்கெட்டின் சிரிப்பு உதிர்ந்தது. அவர் கை பூட்டுக்குப் போவதற்குள் அவள் சாவியை உருவிவிட்டாள்.

பித்தளை. தலையில் சிவப்பு நகப்பூச்சு!

"இது வெள்ளத்துல போன சாவியாச்சே. உங்க கைக்கு எப்படி வந்தது?"

மாடத்திலிருந்து ஷெரிஃப் இறங்கி வந்துகொண்டிருந்தார். பிக்கெட் அவரைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"சரி... உண்மையைச் சொல்லிடறேன். அன்னிக்கு மத்தியானம் ராய்ஸ் இங்கே வந்து சாவியை என் கையில குடுத்தான். 'எனக்கும் சேர்த்துப் பச்சை போட்டுடு'ன்னுட்டுக் கிளம்பிட்டான். அமுக்கினது நான்தான். விதிக்கு விரோதமாச்சேன்னு மறைச்சேன். அது குத்தம்னா ஷெரிஃப், இந்தச் சபையில ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க!"

யாரோ சிரித்தார்கள். பல தலைகள் குனிந்தன. முதுகு சொறியும் குச்சி மெல்ல மேஜைக்கு அடியில் மறைந்தது.

ஷெரிஃபே தயங்கினார். "நடக்கக்கூடியதுதான் மிசஸ் டனவே..."

ஆர்லீன் சாவியை விளக்குக்கு நேரே பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள்.

"ஷெரிஃப்... இதைப் பாருங்க."

வழவழவென்று அவள் பூசிய பூச்சில் ஒரு கட்டைவிரல் ரேகை. ஈரத்தில் அழுந்திப் பதிந்து, அப்படியே இறுகியிருந்தது. ரேகைக்குக் குறுக்கே ஒரு நீளக் கோடு.

தழும்பு!

"இதைப் பூசினது நான். அவன் கிளம்பின அன்னிக்குக் காலையில. ஈரம் காயறதுக்குள்ள வளையத்தைப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போனான். எங்க வீட்டுலேர்ந்து தரைப்பாலம் கூப்பிடு தூரம். தலைநகரம் ரெண்டரை மணி நேரம். அதுவரைக்கும் ஈரமா இருக்க இது நகப்பூச்சு பிக்கெட், தார் ரோடு இல்லே!"

பிக்கெட் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"மழை வர்றதுக்கு முன்னாடியே அவனைத் தரைப்பாலத்துல மறிச்சிருக்கே. இந்தச் சாவியை நீ பிடுங்கினது அங்கேதான். ராய்ஸ் அன்னிக்கு இந்தச் சபைக்கு வரவே இல்லை!"

"சிஸ்டர்..."

"ஆர்லீன்னு கூப்பிடு. கூடப் பிறந்தவ மாதிரி பேசாதே!"

பிக்கெட் நாற்காலியில் சரிந்தார்.

"பேசத்தான் போனேன்... ஏரிக்கரை மனைன்னு சொல்லி இருக்கறதையெல்லாம் அடகு வெச்சு நிலம் வாங்கிட்டேன். கால்லகூட விழுந்தேன். 'எங்கப்பா மேல தண்ணி விடுவேனா'ன்னு சிரிச்சான். தள்ளினேன்... தலை பம்பர்ல மோதிடுச்சு. லாரிக்குள்ள தூக்கிப் போட்டு, யார் கண்ணுலயும் படாம ஓடைக்கரைப் புதருக்குள்ள விட்டேன். மிச்சத்தை வெள்ளம் பார்த்துக்கிச்சு."

"சபையில அவன் இல்லேன்னு ஒருத்தருக்குமா தெரியல?"

"இங்கே யாரு ஆளைப் பார்க்கறாங்க? பலகையைத்தான் பார்ப்போம்" என்றார் பிக்கெட்.

ஷெரிஃப் விலங்கை எடுத்தார்.

*

மறுநாள் வாசலில் உணவுத் தட்டுகள். ஒன்றல்ல, வரிசையாக. ஆர்லீன் ஒரு மக்ரோனித் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனாள்.

"சிவப்புதான் ராய்ஸ்" என்றாள். "உனக்கும் சேர்த்துப் போட்டுட்டேன்."

சாவி வழக்குக்காக ஷெரிஃபிடம் இருக்கிறது. சாயங்காலத்து டயர் சத்தம் நிற்கவில்லை. இப்போது அவள் ஓடுவதில்லை... கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

சமையலறை ஜன்னலோரத்தில் அந்த நகப்பூச்சுக் குப்பி வைத்த இடத்திலேயே இருக்கிறது. 'ஒரே நிமிடத்தில் காயும்' என்ற எழுத்தும் அப்படியே.

சுத்தப் பொய்!

அந்த ஒரு பொய்க்கு மட்டும் ஆர்லீன் டனவே எந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போடுவாள்!