உறை ஊற்றிய புரதம்

காற்றழுத்தத்தில் சுற்றுகிற குழாய்க்கு மூச்சு வாங்காது. ஆனால் அன்று சாயங்காலம் ஆய்வுக்கூடத்துப் பெரிய காந்தத்துக்குள் சுற்றிய குழாயின் சீழ்க்கை, வாயில் எதையோ கடித்துக்கொண்டதுபோல் நடுவில் நின்று, பிறகு தொடர்ந்தது.

காந்தக்காரி நிமிர்ந்தாள். ஆய்வுக்கூடம் அவளுக்கு வைத்த பெயர் அது. "மேடம் குடித்தனமே காந்தத்தோடதான். வீட்டுக்காரர் சும்மா விருந்தாளி" என்பார், காந்தத்தைக் குளிர்விக்கத் தடித்த கையுறையோடு திரவ நைட்ரஜன் ஊற்ற வருகிறவர். அக்கா செத்த மறுவாரமே வேலைக்கு வந்த கல்நெஞ்சுக்காரி என்றும் பேச்சு. எதற்கு வந்தாள் என்று எவருக்கும் தெரியாது. தெரியாததைப் பேசுவதில்தானே ருசி.

தாயில்லாத வீட்டில் இவளுக்குத் தலைவாரி வளர்த்தவள் அக்கா. மறதி நோய் முற்றியபின் இவளிடமே கேட்டாள்:

"ஏம்மா, என் தங்கச்சியப் பாத்தியா?"

"நான்தாங்க்கா."

"நீ இல்ல. அவ சின்னவ."

மூளையை ஆய்வுக்குத் தரச் சம்மதித்தது இவள்தான். அதில் எடுத்த, நோய்க்குக் காரணமான புரத இழையில் துளியைப் புதுப் புரதத்தில் கலந்தாள். பாலுக்கு உறை ஊற்றுகிற கதைதான். பழையது கோணலாக மடிந்த மாதிரியே புதியதும் மடிந்துகொள்ளும். அந்த இழை கரையாது, படிகமாகாது. அரிசியளவு குழாயில் அடைத்து, காந்தத்துக்குள் ஒருக்களித்துச் சாய்த்து, அசுர வேகத்தில் சுற்றினால்தான் கலங்கிய சமிக்ஞை தெளிந்து, எந்த அணுவுக்குப் பக்கத்தில் எந்த அணு என்று காட்டும். அக்காவிடமிருந்து தன்னைப் பறித்த மடிப்பை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு.

போன மாதம் மூடி சரியாக இறுகாமல் முதல் குழாய் உள்ளேயே உடைந்தது. சிதறியதைத் துடைத்துக் குப்பையில் போட வேண்டும். அக்காவையா? கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் வழித்தாள். விரலில் ஒட்டிய மிச்சத்தை என்ன செய்தாள் என்று புருஷனுக்கும் தெரியாது. நாக்கில் வைத்துக்கொண்டாள்.

சீழ்க்கை மறுபடி நின்றது. அதே இடம். தலைவாரும்போது அக்கா முனகும் மெட்டு. ரிப்பனைப் பல்லில் கடிக்கையில் நிற்குமே, அந்த இடம்.

எண்ணெய் வாசனை வந்தது.

குழாயைச் சுற்றவைக்கும் காற்றை நிறுத்தினாள். திரையில் வேகம் இறங்கி, பூஜ்யம்.

சத்தம் நிற்கவில்லை.

குழாயை வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் அசையாமல் கிடந்தது. குளிர்ந்திருந்தது.

சத்தம் கிட்டத்தில். மிகக் கிட்டத்தில்.

தொண்டையில் கை வைத்தாள். அதிர்ந்தது.

"என்ன மேடம், பாட்டெல்லாம் பலமா இருக்கு. வீட்டுக்குக் கிளம்பலையா?"

வாசலில் ஓர் ஆள். தடித்த கையுறை. யாரென்று தெரியவில்லை. யாரை மேடம் என்கிறான்?

"ஏம்ப்பா," என்றாள், கடித்த பல்லைத் திறக்காமல். "என் தங்கச்சியப் பாத்தியா? சின்னவ."

கீழே, இடுப்புயரத்தில், அவளுடைய இரண்டு கைகளும் வெறும் காற்றில் பொறுமையாக வகிடு எடுத்துக்கொண்டிருந்தன.