அப்பா வந்தால் தண்ணீர் வரும்

கோபாலபுரத்திற்குத் தெற்கே, தென்னந்தோப்புகளின் நடுவே, ஒரே களத்தைப் பார்த்தபடி இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று அர்த்தநாரியின் வீடு. மற்றொன்று அவருடைய தம்பி அப்புசாமியின் வீடு. வீடுகள் இரண்டாயினும் கிணறு ஒன்றுதான்.

அந்தக் கிணற்றுக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாள்களில் அண்ணன் தோட்டத்திற்குத் தண்ணீர் பாயும். செவ்வாய், வியாழன், சனி தம்பியின் தோட்டத்திற்கு. ஞாயிற்றுக்கிழமை கிணற்றுக்கு விடுமுறை! அன்று யாரும் மோட்டாரைத் தொடக்கூடாது. ஆறு நாள் இறைத்த கிணறு ஊறுவதற்கு ஒரு நாளாவது வேண்டும் அல்லவா?

அப்புசாமியின் மகள் யோகப்பிரியா ஆறாம் வகுப்பு மாணவி. கைபேசியிலிருந்து புளூடூத் வழியாக ஒரு சிறிய சர்க்கியூட் பலகைக்குக் கட்டளை அனுப்பும் புரோகிராமைப் பள்ளியில் சிசிலி டீச்சரிடம் கற்று வந்தாள். அவளுக்கு அதில் தனி ஆர்வம் பிறந்ததற்குக் காரணம் ஒரு குளவி.

மோட்டார் அறைக்குள், சுவிட்சுக்கு நேர் மேலே, அந்தக் குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது.

"குளவி கூடு கட்டுன எடம் வெளங்கும். அதை ஆரும் கலைக்கப்படாது" என்று பெரியம்மா சுப்பாத்தாள் உத்தரவு போட்டிருந்தார்.

குளவிக்கு அந்த உத்தரவு மிகவும் பிடித்துவிட்டது போலும். மோட்டார் போடச் சென்ற அப்புசாமியை ஒரே வாரத்தில் இரண்டு முறை கொட்டியது.

"எங்கண்ணனை மட்டும் ஒண்ணும் பண்றதில்லை பாரு. அதுக்கும் அவருகிட்டப் பயம்" என்று வீங்கிய காதைத் தடவினார் அப்புசாமி.

"நீங்க இனிமே உள்ளயே போக வேண்டாமுங்கப்பா. போன்லயே மோட்டாரைப் போடறாப்ல நான் செஞ்சு தர்றேனுங்க" என்றாள் யோகப்பிரியா.

சொன்னபடியே புரோகிராமை எழுதி முடித்தாள். மின்சார வேலையைக் கேரளத்து எலக்ட்ரீஷியன் ஜோமோன் ஏற்றுக்கொண்டார். "மோளே, புரோகிராம் நிண்டெ வேலை. ஒயர் என்றெ வேலை. நீ கரண்டின் பக்கம் வரவே வேண்டா" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை மாலையில் பலகையை மோட்டார் அறைச் சன்னலோரம் பொருத்தினார்.

களத்தில் நின்று அப்புசாமி கைபேசியைத் திறந்தார். பொத்தானை அழுத்த விரலை நீட்டினார். விரல் போய்ச் சேரும் முன்பே மோட்டார் உறுமியது!

"அட! வெரலு வெக்கறதுக்குள்ளயே ஓடுது பாரு! எம்புள்ளை செஞ்சதுன்னாச் சும்மாவா?"

விரல் வைக்காமல் எப்படி ஓடியது? யோகப்பிரியாவின் மனத்தில் ஒரு சிறு சந்தேகம் எழத்தான் செய்தது. ஆயினும் அப்பாவின் பாராட்டு இனிப்பாக இருந்தது. சந்தேகத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மோட்டார் ஓடாத நாள் என்பதால், பெரியப்பா அர்த்தநாரி தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பாசியைத் தேய்த்துக் கொண்டிருந்தார். அவர் குந்தியிருந்த இடம் குழாய் வாய்க்கு நேர் கீழே.

களத்தின் நடுவில் ஒரு கொய்யா மரம் உண்டு. யோகப்பிரியாவும் பெரியப்பாவின் மகள் செல்வப்பிரியாவும் அதன் கிளையில் அமர்ந்து, காலை ஆட்டிக்கொண்டு கொய்யாக்காய் தின்று கொண்டிருந்தார்கள்.

அண்ணன் வெயிலில் வேலை செய்கிறாரே என்று அப்புசாமி ஓர் இளநீரை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார். கொய்யா மரத்தைத் தாண்டினார்.

மோட்டார் உறுமியது. குழாயிலிருந்து தண்ணீர் அருவியாகப் பெரியப்பாவின் தலையில் கொட்டியது.

"அடேய்! ஆருடா அது மோட்டார் போட்டது?"

"ஐயோ அண்ணா! இருங்க, துண்டு கொண்டாறனுங்க!" என்று இளநீரைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார் அப்புசாமி. தண்ணீர் நின்றது.

துண்டுடன் திரும்பி வந்தார். மறுபடியும் கொட்டியது. இந்த முறை துண்டும் நனைந்தது.

"வேட்டி கொண்டாறனுங்கண்ணா!" என்று மீண்டும் ஓடினார். நின்றது. வேட்டியுடன் வந்தார். கொட்டியது.

மூன்றாம் குளியலுக்குப் பிறகு பெரியப்பாவின் கண்கள் தம்பியின் சட்டைப் பையிலிருந்த கைபேசியில் நிலைத்தன.

"போன்ல மோட்டார் போடறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சயல்லோ! அதைச் சோதிச்சுப் பாக்க எந்தலைதான் கெடைச்சுதா? அதுவும் கெணத்துக்கு லீவு நாள்ல?"

"நான் போனைத் தொடவே இல்லீங்கண்ணா!"

"தொடாம மோட்டார் தானா ஓடுமா? குளவி போட்டுதா?"

பெரியப்பா சொட்டச் சொட்ட மோட்டார் அறைக்குச் சென்று, கம்பால் தட்டி மெயின் சுவிட்சை அணைத்தார். திண்ணையில் வைத்திருந்த தம் கைபேசியை ஈரக் கையாலேயே எடுத்து யாரையோ அழைத்தார்.

"கல்லுக்கால் இருக்குதுங்களா? நாளைக்குக் காத்தால கொண்டாந்துருங்க. களத்துக்கு நடுவால வேலி போடோணும். ஆமாங்க, கொய்யா மரத்தை ஒட்டி நேராப் போகோணும்."

கிளையில் ஆடிக்கொண்டிருந்த நான்கு கால்களும் நின்றன.

"வேலி போட்டா மரம் எந்தப் பக்கம் புள்ளே?" என்று மெதுவாகக் கேட்டாள் செல்வப்பிரியா.

"மரத்தை விடு. நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்!"

 யோகப்பிரியா நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். மேலிருந்து பார்த்தவள் அல்லவா? அப்பா மரத்தைத் தாண்டியபோதெல்லாம் தண்ணீர் வந்தது. திரும்பிப் போனபோதெல்லாம் நின்றது.

"செல்வி, இறங்கு! ஒரு வேலை இருக்குது."

அப்பாவிடம் கைபேசியை வாங்கிச் செல்வப்பிரியாவின் கையில் கொடுத்தாள். மெயின் சுவிட்ச் அணைந்திருந்தாலும், பலகைக்குத் தனி பேட்டரி இருந்தது. மோட்டாருக்குக் கட்டளை போகும்போது அதிலுள்ள சிவப்பு விளக்கு எரியும். யோகப்பிரியா சன்னலருகில் நின்று அதையே பார்த்தாள்.

செல்வப்பிரியா மரத்தைத் தாண்டி வந்தாள். மூன்று எண்ணுவதற்குள் 'டக்' என்று விளக்கு எரிந்தது. பின்னால் நடந்தாள். விளக்கு அணைந்தது.

யோகப்பிரியாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புளூடூத் பேச்சு கொஞ்ச தூரம்தான் கேட்கும். இங்கே அது கொய்யா மரம் வரை கேட்டது. அந்த எல்லைக்குள் வந்ததும் கைபேசியும் பலகையும் தாமாகவே இணைந்துவிடும். வகுப்பில், இணைந்தால் பல்பு எரிய வேண்டும், பிரிந்தால் அணைய வேண்டும் என்று பயிற்சிக்காக ஒரு வரி எழுதியிருந்தாள். அதை நீக்க மறந்துவிட்டாள். வகுப்பில் பல்பு இருந்த இடத்தில் இப்போது மோட்டார் இருந்தது!

"அவ்வளவுதானே? அந்த வரியை அழிச்சுட்டுக் கம்முனு இரு. குளவி மேல பழியைப் போட்டுக்கலாம்" என்றாள் செல்வப்பிரியா.

"குளவி என்ன பண்ணுச்சு, பாவம்? அதுவுமில்லாம, பெரியப்பா எங்கப்பா மேலயே கோவமா இருப்பாரு. வேலியும் வந்துரும்."

யோகப்பிரியா நேரே பெரியப்பாவிடம் சென்றாள். அவர் தலையைத் துவட்டிக் கொண்டிருந்தார். அவளுக்கு வாய் உலர்ந்துவிட்டது. அந்தக் களத்திலேயே அப்போது உலர்ந்திருந்தது அது ஒன்றுதான்.

"பெரியப்பா, உங்களை நனைச்சது எங்கப்பா இல்லீங்க. நானுங்க."

"நீ மரத்து மேலயல்லோ உக்காந்திருந்தே?"

"நான் எழுதின ஒரு வரி நனைச்சுருச்சுங்க."

"ஒரு வரி எப்படிக் கண்ணு ஒரு மனுசனை மூணு தடவை நனைக்கும்?"

"நீங்களே வந்து பாருங்க பெரியப்பா."

கைபேசியை அவர் கையில் கொடுத்தாள். பெரியப்பா நம்பிக்கையில்லாமல் நடந்தார். மரத்தைத் தாண்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பின்வாங்கினார். அணைந்தது. முன்னால் வந்தார். எரிந்தது. திருட்டுத்தனமாகப் பக்கவாட்டில் நடந்து பார்த்தார். அதற்கும் எரிந்தது.

எட்டாவது தடவை அவர் மரத்தைத் தாண்டியபோது, சுப்பாத்தாள் வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்க, இந்த வயசுல பாண்டியாட்டமா ஆடறீங்க?"

பெரியப்பா அதைக் காதில் வாங்கவில்லை. ஏதோ யோசித்தவராக நின்றார்.

"அப்பன்னா, அவன் துண்டு கொண்டாந்ததுனாலதான் நான் ரெண்டாந்தரம் நனைஞ்சனா?"

"ஆமாங்க பெரியப்பா. வேட்டி கொண்டாந்ததுனால மூணாந்தரம். அப்பாவுக்கு உங்க மேல அக்கறை இல்லாம இருந்திருந்தா, நீங்க அப்பவே காஞ்சிருப்பீங்க."

பெரியப்பாவின் மீசை துடித்தது. முதலில் அது கோபம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பிறகு அவருடைய தோள்கள் குலுங்கின. வயிறும் குலுங்கியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்றைக்கு அது நான்காம் நனைதல்.

சிரிப்பு அடங்கியதும் கைபேசியை எடுத்தார். "கல்லுக்கால் வேண்டாமுங்க. இல்லீங்க, சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் ஒரே ஒரு வரிதானுங்க" என்றார். மறுமுனையில் இருந்தவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

யோகப்பிரியா எல்லார் முன்னிலையிலும் அந்த வரியை அழித்தாள். அழுத்தினால் மட்டுமே மோட்டார் ஓடும் என்று சிவப்பு விளக்கை வைத்துப் பத்து முறை சோதித்துக் காட்டினாள். முன்பு கீழே வைத்த இளநீரைச் செல்வப்பிரியா குடித்துவிட்டிருந்தபடியால், அப்புசாமி அண்ணனுக்கு வேறொன்று வெட்டினார்.

அடுத்த நாள் திங்கட்கிழமை, பெரியப்பாவின் முறை. விடிந்ததும் அவர் யோகப்பிரியாவைத் தேடி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கண்ணு, அழிச்ச அந்த வரியைத் திரும்ப எழுத முடியுமா?"

"எதுக்குங்க பெரியப்பா?"

"அந்தக் குழாயில குளிச்ச சொகம் எங்கயும் இல்லை கண்ணு. ஆனாக் கண்ணுல சீயக்காய் எறங்கறப்ப, போன்ல பட்டனை எப்படித் தேடறது?"

அது நியாயமான கேள்விதான். யோகப்பிரியா சிறிது யோசித்தாள். திங்கட்கிழமை காலை ஆறு மணி முதல் ஏழு மணி வரை மட்டும் வேலை செய்யுமாறு அந்த வரியைத் திருத்தி எழுதினாள்.

மெயின் சுவிட்சைப் போட்ட சற்று நேரத்தில் தொட்டியிலிருந்து பெரியப்பாவின் குரல் களமெங்கும் ஒலித்தது. தலை நிறையச் சீயக்காய். கண்கள் இரண்டும் இறுக மூடியிருந்தன.

"அடேய் அப்புசாமி! கொய்யா மரத்தைத் தாண்டி வாடா!"

"வந்துட்டனுங்கண்ணா!"

சட்டைப் பையில் கைபேசியுடன், உலர்ந்த துண்டைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் தூக்கிப் பிடித்தபடி அப்புசாமி மரத்தைத் தாண்டினார். மோட்டார் உறுமியது. தண்ணீர் அருவியாகக் கொட்டியது. அதற்குள்ளிருந்து பெரியப்பா கத்தினார்:

"அங்கயே நில்லுடா! நான் சொல்ற வரைக்கும் எங்கயும் போயிராதே!"